ஏழு அதிசயங்களில் எஞ்சியவற்றைக் காண ஒரே ஒரு பயணம்: எகிப்தா, துருக்கியா, கிரீஸா, ஈராக்கா?

பண்டைய உலகின் ஏழு அதிசயங்கள் என்று பள்ளிக்காலத்தில் பொது அறிவுக்காக மனப்பாடம் செய்த பட்டியலில் இன்று நிற்பது ஒன்றுதான் என்பதும், மற்ற ஆறும் அழிந்துவிட்டன என்பதும் பலரும் அறிந்த செய்தி. ஆனால், 'அழிந்துவிட்டன' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு முடிவுகள் புதைந்திருக்கின்றன. ஒன்று தீயில் வெந்து, மீண்டும் எழுந்து, பிறகு கல் கல்லாகப் பெயர்த்துச் செல்லப்பட்டது. ஒன்று நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து, எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக விழுந்த இடத்திலேயே கிடந்தது. இரண்டு, கோட்டைகளுக்குக் கல் கொடுத்துவிட்டு மறைந்தன. இன்னொன்று உண்மையிலேயே இருந்ததா என்பதே ஐயம். ஆகவே, பத்துப் பன்னிரண்டு நாள் விடுப்பும் அதற்கேற்ற சேமிப்பும் வைத்துக்கொண்டு, இவற்றின் எச்சங்களைப் பார்க்க ஒரே ஒரு முறை புறப்பட எண்ணுபவர் எந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குப் 'பிரமிடைப் பார்' என்று உடனே விடை சொல்லிவிடுவது போதாது.

இந்தப் பட்டியலே பயணிகளுக்காகப் பிறந்தது. கிரேக்கர்கள் இவற்றைக் குறிக்க முதலில் பயன்படுத்திய சொல்லுக்குக் 'காணத்தக்கவை' என்றே பொருள்; வியப்பு என்ற பொருள் பின்னர்தான் வந்து ஒட்டிக்கொண்டது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீதோன் நகரத்துக் கவிஞர் ஆன்டிபேட்டரின் பட்டியலில் அலெக்சாண்டிரியாவின் கலங்கரை விளக்கம் இடம்பெறவில்லை. அதற்குப் பதிலாகப் பாபிலோனின் மதில்கள் இருக்கின்றன. நாம் இன்று சொல்லும் ஏழு, ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில்தான் நிலைபெற்றது. எனவே பட்டியலுக்குப் பக்தி காட்டி ஏழு இடங்களையும் சமமாக நடத்த வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

நான் இங்கே வைத்துக்கொள்ளும் அளவுகோல் இதுதான்: அந்த அதிசயம் என்னவாயிற்று என்பதை, அது இருந்த இடத்தில் நின்றுகொண்டே கண்ணால் படிக்க முடிகிறதா? ஓவியர்கள் கற்பனையில் வரைந்த படங்களை வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். விமானம் ஏறிப் போகிறவருக்கு அந்த இடம் தரவேண்டியது, படத்தால் தர முடியாத ஒன்றாக இருக்க வேண்டும்.

முதலில் எகிப்து. ஏழில் இரண்டு இந்த ஒரே நாட்டில் இருந்தன. அவற்றில் ஒன்று நிற்கிறது, ஒன்று இல்லை. கீசாவின் பெரிய பிரமிடு குஃபு மன்னனுக்காகக் கி.மு. 2560-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. ஏறக்குறைய 23 லட்சம் கற்கள் அடுக்கப்பட்ட இதன் உயரம் தொடக்கத்தில் 146 மீட்டருக்குச் சற்று மேல். இன்று சுமார் 138 மீட்டர். குறைந்த அந்த எட்டு மீட்டரைவிட முக்கியமான இழப்பு, பிரமிடு முழுவதையும் போர்த்தியிருந்த வழவழப்பான வெண்ணிறச் சுண்ணாம்பு உறைக்கற்கள் போனதுதான். நாம் இன்று பார்க்கும் படிப்படியான பழுப்பு உருவம், உறை உரிக்கப்பட்ட பிரமிடின் உட்பகுதி மட்டுமே. 1303-ஆம் ஆண்டு நிலநடுக்கம் அந்த உறையைத் தளர்த்தியது. பின்னர் அதே நூற்றாண்டில் அக்கற்கள் கெய்ரோ நகரின் கட்டுமானங்களுக்காக வண்டி வண்டியாகக் கொண்டு செல்லப்பட்டன. அருகிலுள்ள காஃப்ரேயின் பிரமிடில், உச்சியில் மட்டும் தொப்பி போட்டதுபோல் அந்த உறை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பெரிய பிரமிடுக்குத் திரும்பினால்தான் எதை இழந்திருக்கிறோம் என்பது விளங்கும். ஆனால் இந்த வரிசையில் பார்ப்பவர்கள் குறைவு.

அந்த உறைக்கற்களுக்கு வரவுக் கணக்கும் உண்டு. செங்கடல் கரையிலுள்ள வாதி அல்-ஜர்ஃப் என்னும் இடத்தில் 2013-இல் பியர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு கண்டெடுத்த பாப்பிரஸ் ஏடுகளில், மெரெர் என்ற மேற்பார்வையாளர் தம் ஆட்களோடு துரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக் கற்களைப் படகில் ஏற்றி, நைல் வழியாகக் கீசாவுக்குக் கொண்டுவந்த அன்றாடக் குறிப்புகள் இருக்கின்றன. கற்கள் வந்ததும் பதிவாகியிருக்கிறது, போனதும் பதிவாகியிருக்கிறது. ஏழு அதிசயங்களில் வேறு எதற்கும் அதைக் கட்டியவர்களின் கையாலேயே எழுதப்பட்ட இத்தகைய நாட்குறிப்பு கிடைக்கவில்லை.

பிரமிடின் உள்ளே செல்லத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். குனிந்தபடி, செங்குத்தான குறுகிய வழியில் ஏற வேண்டும். மேலே எழுத்தோ ஓவியமோ இல்லாத கருங்கல் அறையும், மூடியற்ற ஒரு கல்பேழையும் மட்டுமே உள்ளன. 'இதற்கா இவ்வளவு பாடு' என்று அலுத்துக்கொள்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மூட்டுவலியும் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் தயங்காமல் தவிர்த்துவிடலாம். இயன்றவர்கள் மட்டும், சுமார் 47 மீட்டர் நீளமும் எட்டரை மீட்டர் உயரமும் கொண்ட பெருங்கூடத்துக்காகவாவது ஏறிப் பார்க்க வேண்டும். இந்தப் பிரமிடு வெறும் கற்குவியல் அன்று என்பதை அந்தக் கூடம் ஒன்றே உணர்த்திவிடும். பிரமிடின் காலடியில் 1954-இல், 1,224 துண்டுகளாகக் கண்டெடுக்கப்பட்டு மீண்டும் கோக்கப்பட்ட குஃபுவின் மரக்கலம் 2021-இல் மகா எகிப்திய அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டது. பிரமிடுகளின் அருகிலேயே உள்ள அந்த அருங்காட்சியகம் 2025 நவம்பரில் முறைப்படி திறக்கப்பட்ட பிறகு, கீசாவுக்கு ஒதுக்க வேண்டிய நேரம் அரை நாளிலிருந்து குறைந்தது இரண்டு நாளாகக் கூடியிருக்கிறது.

அலெக்சாண்டிரியா, கெய்ரோவிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர். ரயிலில் எளிதாகப் போகலாம். ஃபாரோஸ் தீவில் கி.மு. 280-ஐ ஒட்டி எழுந்த கலங்கரை விளக்கம் சதுரம், எண்கோணம், வட்டம் என மூன்று அடுக்குகளில் 100 மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தது. 1303-ஆம் ஆண்டின் அதே நிலநடுக்கம் இதையும் பெரிதும் சிதைத்தது. பயணி இப்னு பதூதா 1326-இல் வந்தபோது உள்ளே நுழைந்து பார்க்க முடிந்தது. 1349-இல் திரும்பி வந்தபோது வாசலைக்கூட அணுக முடியாத அளவுக்கு அது இடிந்திருந்தது. 1477-இல் மம்லூக் சுல்தான் கைத்பே, எஞ்சிய கற்களையும் சேர்த்து அதே அடித்தளத்தின்மேல் தம் பெயரில் ஒரு கோட்டையைக் கட்டினார். கோட்டையைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலில் 1994 முதல் ழான்-ஈவ் எம்பரரின் குழு ஆய்வு செய்து, ஆயிரக்கணக்கான கற்களையும் சிலைகளையும் பதிவு செய்தது. அங்கிருந்து எடுக்கப்பட்ட தாலமி மன்னனின் பெருஞ்சிலை ஒன்று நகரின் புதிய நூலகத்தின் முன்னால் நிற்கிறது. ஆக, இந்த அதிசயம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கடலடியிலும் கோட்டைச் சுவரிலும் நூலக வாசலிலுமாகப் பிரிந்து கிடக்கிறது.

எகிப்துக்கு நிகராக நிறுத்தத்தக்கது துருக்கி. இங்கும் இரண்டு அதிசயங்கள், இரண்டுமே தரைமட்டம். முதல் பார்வையில் இது தோற்றுப்போன தேர்வாகத் தெரியும். ஆனால் நான் வைத்த அளவுகோலின்படி மட்டும் மதிப்பிட்டால், துருக்கியே முதலிடம் பெறும்.

போத்ரும் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவே பழைய ஹலிகார்னாசஸ். கி.மு. 353-இல் இறந்த மௌசோலஸ் என்னும் ஆட்சியாளருக்கு, அவருடைய மனைவியும் உடன்பிறந்தவளுமான ஆர்டெமிசியாவின் காலத்தில் எழுந்த சமாதி, சுமார் 45 மீட்டர் உயரத்துக்கு நின்றது. ஐரோப்பிய மொழிகளில் பெருஞ்சமாதிகளைக் குறிக்கும் சொல்லே அவர் பெயரிலிருந்துதான் வந்தது. நிலநடுக்கங்கள் அதைச் சரித்த பிறகு, 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித யோவான் சபை என்னும் கிறித்தவத் துறவுப் படையின் வீரர்கள் துறைமுகத்தில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அதற்குக் கல் வேண்டியிருந்தது. பலப்படுத்தும் பணி 1522 வரை விட்டுவிட்டு நடந்தது. சதுரக் கற்கள் சுவருக்குப் போயின. பளிங்குச் சிற்பங்களில் பல சுண்ணாம்புக் காளவாயில் நீறாக்கப்பட்டுச் சாந்தாயின. தப்பிய சில சிற்பப் பலகைகளை வீரர்களே அழகுக்காகக் கோட்டைச் சுவரில் பதித்துவைத்தார்கள். அவை 1846-இல் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1857-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் சார்லஸ் நியூட்டன், வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் அடியில் தோண்டி, மிச்சத்தையும் எடுத்துக்கொண்டார்.

இன்று அங்கே பார்க்கக் கிடைப்பது ஒரு பெரிய பள்ளம், சில தூண் துண்டுகள், சிறு காட்சிக்கூடம் ஆகியவைதாம். அங்கிருந்து துறைமுகத்துக்கு நடந்தால் அதே கற்களால் உயர்ந்த கோட்டை. தின்னப்பட்டதும் தின்றதும் நடந்து போகும் தொலைவில் எதிரெதிரே இருப்பது உலகில் அரிது. கோட்டைக்குள்ளேயே நீரடித் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது, கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் மூழ்கிய உலுபுருன் கப்பலின் செம்புக் கட்டிகளும் பிற சரக்குகளும் அதில் உள்ளன. வெளிப்படையாகச் சொன்னால், அந்தப் பள்ளத்தைவிட அந்தக் கப்பல்தான் பலரை நெடுநேரம் நிறுத்திவைக்கும்.

அங்கிருந்து சாலைவழி ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் செல்சுக் ஊரும் எபேசஸும். எபேசஸின் ஆர்டெமிஸ் கோயிலைப்போல் பலமுறை செத்துப் பிழைத்த கட்டடம் வேறில்லை. லிடியாவின் செல்வ வேந்தன் குரோசஸின் கொடையில் எழுந்த கோயிலை, தன் பெயர் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே கி.மு. 356-இல் ஹெரோஸ்ட்ராட்டஸ் கொளுத்தினான். அவன் பெயரை எவரும் உச்சரிக்கக் கூடாது என்று நகரம் விதித்த தடையையும் மீறி, அது இங்கே இந்தக் கட்டுரையிலும் எழுதப்பட்டுவிட்டது. மீண்டும் கட்டப்பட்ட கோயிலுக்கு 127 தூண்கள் இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் கோத்தர்கள் என்னும் ஜெர்மானியக் குடியினர் சூறையாடினார்கள். கிறித்தவம் பரவிய பின் வழிபாடு நின்றது. கற்கள் அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்குப் போயின. ஆற்று வண்டல் மேலே மூடியது. எங்கே இருந்தது என்பதே மறந்துபோன நிலையில், ஜான் டர்ட்டில் வுட் என்னும் பொறியாளர் 1863-இல் தேடத் தொடங்கினார். நகர அரங்கில் கிடைத்த கல்வெட்டொன்று, கோயிலிலிருந்து திருவுருவங்கள் ஊர்வலமாக எந்த வாயில் வழியாக வரவேண்டும் என்று விதித்திருந்தது. அந்த வாயிலைக் கண்டுபிடித்து, அதிலிருந்து சாலையைத் தொடர்ந்து தோண்டிக்கொண்டே போய், 1869-இன் கடைசி நாளில் பளிங்குத் தளத்தைத் தொட்டார். சாமி புறப்பாட்டு வழியைக் கொண்டு கோயிலைக் கண்டுபிடித்த இந்த முறை, நம் ஊர்த் திருவிழாக்களை அறிந்தவர்களுக்கு மிக இயல்பாகத் தோன்றும்.

இன்று அந்தச் சதுப்பில், துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூண் மட்டும் நிற்கிறது. அதன் உச்சியில் வேனிற்காலத்தில் செங்கால் நாரை கூடுகட்டும். தூணின் பின்னால் இசா பே மசூதியும் அதற்கு மேலே குன்றில் புனித யோவான் பேராலயத்தின் இடிபாடும் ஒரே பார்வையில் விழுகின்றன. ஏமாற்றம் அடைவோர் பலர். ஐந்து நிமிடத்தில் பேருந்துக்குத் திரும்பிவிடுவார்கள். எனினும், அடுத்து எபேசஸ் நகரின் இடிபாடுகளும், செல்சுக் அருங்காட்சியகத்திலுள்ள ஆர்டெமிஸ் சிலைகளும் அந்த ஏமாற்றத்தை ஈடுகட்டிவிடும் என்பதால், மொத்தத்தில் இந்தப் பயணம் நட்டமாகாது.

கிரீஸைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை, அதிலும் ரோட்ஸ் தீவைப் பற்றிச் சொல்ல மிகக் குறைவே. தீவை முற்றுகையிட்டுத் தோற்ற மாசிடோனியத் தலைவன் டெமெட்ரியஸ் விட்டுச் சென்ற போர்க்கருவிகளை விற்ற பணத்தில், லிண்டோஸ் ஊரின் காரெஸ் 12 ஆண்டுகள் உழைத்து நிறுத்திய, சுமார் 33 மீட்டர் உயர வெண்கலக் கதிரவன் சிலை, அரை நூற்றாண்டுக்குச் சற்று மேல் நின்று, கி.மு. 226-ஐ ஒட்டிய நிலநடுக்கத்தில் விழுந்தது. எகிப்தின் தாலமி பணம் தர முன்வந்தும், குறிவாக்குக்கு அஞ்சி ரோட்ஸ் மக்கள் அதைத் தூக்கி நிறுத்தவில்லை. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் வெண்கலம் முழுவதும் ஒரு வணிகருக்கு விற்கப்பட்டு, ஒட்டகங்களில் ஏற்றிச் செல்லப்பட்டதாக பைசாந்திய வரலாற்றேடு கூறுகிறது. சிலை எந்த இடத்தில் நின்றது என்பதுகூட உறுதியாகவில்லை. துறைமுக வாயிலின் இருபுறமும் கால்பரப்பி நின்றதாகக் காட்டும் படங்கள் பிற்காலக் கற்பனை. ரோட்ஸ் அழகான இடைக்கால நகரம், அதற்காகப் போகலாம். சிலைக்காகப் போவதில் பொருளில்லை.

ஒலிம்பியா வேறு வகை. கிரேக்கச் சிற்பி ஃபிடியாஸ் பொன்னும் தந்தமும் பதித்துச் செய்த, சுமார் 12 மீட்டர் உயர ஜீயஸ், அமர்ந்த நிலையிலேயே கூரையைத் தொடுமளவு இருந்ததால், எழுந்தால் கூரையைப் பெயர்த்துவிடுவார் என்று பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ குறைபட்டுக்கொண்டார். சிலையின் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. ஆனால் அதைச் செய்த பட்டறை மிஞ்சியிருக்கிறது. 1950-களின் அகழாய்வில் சிலையாடைக்கான களிமண் அச்சுகளும், 'நான் ஃபிடியாஸுக்கு உரியவன்' என்று கீறப்பட்ட ஒரு சிறு குவளையும் அங்கே கிடைத்தன. 6-ஆம் நூற்றாண்டின் நிலநடுக்கங்களில் சரிந்த கோயில் தூண்கள், அரிந்து வைத்த வாழைத்தண்டு வில்லைகளைப்போல் விழுந்த வரிசை குலையாமல் கிடக்கின்றன. ஆற்று வண்டல் பல மீட்டர் ஆழத்துக்கு மூடிக் காத்ததால் கல் எடுப்பவர்களுக்கு அவை முழுவதுமாக அகப்படவில்லை. இயற்கை வீழ்த்தியதை மனிதர் பெரிதாகக் கலைக்காமல் விட்ட இடம் ஏழில் இது ஒன்றுதான் என்பதால், கிரீஸைத் தேர்ந்தெடுப்பவர் ரோட்ஸை விட்டுவிட்டு ஒலிம்பியாவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதே சரி.

ஈராக்கின் பாபிலோன் வரலாற்று ஆர்வலருக்கு மிகவும் ஆவலூட்டுவது. முதல் பயணத்துக்கு மிகவும் பொருந்தாதது. தொங்கும் தோட்டத்தைப் பற்றி, அதை அமைத்ததாகச் சொல்லப்படும் பாபிலோன் மன்னன் நெபுகாத்நேசரின் கல்வெட்டுகளில் ஒரு வரிகூட இல்லை. அது நினிவே நகரில் அசிரிய மன்னன் சென்னாகெரிப் அமைத்த தோட்டமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் ஸ்டெஃபானி டாலியின் வாதம். ஜெர்மானியத் தொல்லியலாளர் ராபர்ட் கோல்டவே 1899 முதல் 1917 வரை பாபிலோனில் தோண்டியதில் கிடைத்த நீல மெருகுச் செங்கற்களால் மீட்டமைக்கப்பட்ட, நகரின் இஷ்தார் வாயில் பெர்லினின் பெர்கமான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகமோ சீரமைப்புக்காக 2023 முதல் மூடியிருக்கிறது, வாயில் உள்ள பகுதி 2037 வரை திறக்காது என்று அறிவித்திருக்கிறார்கள். பாபிலோனில் நிற்கும் உயர்ந்த சுவர்களில் பெரும்பாலானவை சதாம் உசேன் 1980-களில் பழைய அடித்தளங்களின்மேல் எழுப்பியவை. நெபுகாத்நேசர் செய்ததைப்போலவே அவரும் செங்கற்களில் தம் பெயரைப் பொறிக்கச் செய்தார். 2003-க்குப் பிறகு அங்கே அமைந்த வெளிநாட்டு ராணுவ முகாம், பழைய நடைபாதைக் கற்களை வண்டிகளால் நொறுக்கியது. 2019-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்த இடம், ஒரு நினைவுச்சின்னத்தை அக்கறை என்ற பெயரிலும் சிதைக்கலாம் என்பதற்குச் சான்று. ஆனால் பாதுகாப்பு நிலவரம் மாறிக்கொண்டேயிருக்கும் நாட்டுக்கு, குடும்பத்தோடு, வாழ்நாளின் ஒரே பயணமாகப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் குறுக்கே நிற்கும் இன்னொரு தேர்வு லண்டன். மௌசோலஸ் சமாதியின் பேருருவச் சிலைகள், தேர்க்குதிரையின் முன்பாதி, அமேசான் பெண்களுடன் நடந்த போரைச் செதுக்கிய பலகைகள், ஆர்டெமிஸ் கோயிலின் சிற்பம் நிறைந்த தூண் அடி, குரோசஸின் பெயர் பொறித்த துண்டுகள் எல்லாம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. நிரந்தரக் காட்சிக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. துருக்கியில் பள்ளத்தைப் பார்த்தவர் பள்ளத்திலிருந்ததை இங்கே பார்க்கலாம். இவை இங்கே இருப்பது நியாயமா என்ற கேள்வி தனி வழக்கு. உறவினர் வீட்டுக்கோ வேலை நிமித்தமோ லண்டன் செல்ல வாய்ப்புள்ளவர்கள், இதற்கெனத் தனிப் பயணம் வைக்காமல் ஒரு பகலை ஒதுக்கினால் போதும். துருக்கிக்கு முன்பாக இதைப் பார்ப்பது இன்னும் நல்லது. வெறும் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும்போது மனம் எதை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பது அப்போது தெரிந்திருக்கும்.

முடிவுக்கு வருகிறேன். பிரமிடை ஏற்கெனவே பார்த்தவருக்கும், கட்டடங்களைவிட அவை மறைந்த கதையில் ஆர்வமுள்ளவருக்கும் துருக்கியே என் பரிந்துரை. போத்ரும், செல்சுக் இரண்டையும் ஆறு நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம், நாரைக்கூட்டையும் சேர்த்துப் பார்க்க ஏப்ரல், மே ஏற்ற மாதங்கள். எதையும் பார்க்காதவருக்கு, ஒரே ஒரு பயணம் என்றால், எகிப்துதான். நிற்கும் ஒன்றையும் சிதறிய ஒன்றையும், இரண்டையும் அசைத்த ஒரே நிலநடுக்கத்தையும் ஒரே நாட்டில் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு மற்ற எந்தப் பயணத்திலும் இல்லை. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும்.

ஆனால் வழக்கமான சுற்றுலாத் திட்டங்களில் கீசா முதல் நாளிலும், அலெக்சாண்டிரியா நேரம் மிஞ்சினால் கடைசியில் ஒரு பகலிலும் வைக்கப்படுகின்றன. அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்லுங்கள். முதலில் ரயிலேறி அலெக்சாண்டிரியாவுக்குச் சென்று ஓர் இரவு தங்கி, கைத்பே கோட்டையின் வெளிர்நிறச் சுவர்களுக்கு நடுவே பொருந்தாமல் துருத்தி நிற்கும் செந்நிறக் கருங்கற்களைத் தேடிப் பாருங்கள். கீசாவைக் கடைசி இரண்டு நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.